மாணாக்கரின் உரிமையும் பள்ளி அதிகாரிகளின் கடமையும்



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து விளக்குகளை அணைக்கும் வேளையில், நமது சங்கத்துத் தாய்மார்களுள் ஒருவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நம்மிடம் நீட்டினார். ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளை, "ஒழுங்கீனம் காரணமாக இனிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்" என்று அதில் இரண்டே வரிகளில் எழுதியிருந்தது. என்ன ஒழுங்கீனம் என்று வினவினோம். காலைப் பிரார்த்தனையில் மற்றப் பிள்ளைகள் கைகூப்பித் தெய்வத்துதி பாடும்பொழுது, இப்பெண் வாய் திறவாமல் அமைதியாக நின்றாளாம். ஏன் பாடவில்லை என்று ஆசிரியை கேட்டதற்கு, "நாங்கள் பௌத்தர்கள், டீச்சர்" என்று சொன்னாளாம். அவ்வளவே நடந்தது.

"ஐயா, எங்கள் தலையெழுத்தே இதுதானா?" என்று அந்தத் தாய் கேட்டார். அம்மா, அது தலையெழுத்தன்று. தலைமை ஆசிரியர் எழுதிய எழுத்து. மனிதர் எழுதியதை மனிதரே திருத்தலாம் என்று கூறி அனுப்பினோம். ஆயினும் இத்துன்பம் ஒரு வீட்டோடு முடிவதன்று. ஆதலின் இம்மாதப் பாடத்துக்கு இதனையே பொருளாக எடுத்துக்கொண்டோம். தம்மமும் வினயமும் இதுபற்றி என்ன கூறுகின்றன, இந்நாட்டுச் சட்டம் என்ன கூறுகின்றது, நாம் செய்யத்தக்கது யாது என மூன்றையும் வரிசையாக ஆராய்வோம்.

ஆசிரியர் எனும் தென்திசை

தீக நிகாயத்தின் முப்பத்தொன்றாம் சூத்திரம் சிகாலோவாதம். இராஜகிருகத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தான், தந்தை சொல்லைக் காக்கவேண்டி, ஈர உடையோடு ஆறு திசைகளையும் வணங்கி நின்றான். பகவன் அவனுடைய வணக்கத்தை இகழவில்லை. அதற்கு மெய்ப்பொருளை விளக்கினார். தாய் தந்தையர் கிழக்கு என்றும், ஆசிரியர் தெற்கு என்றும், ஏனைய உறவினரை ஏனைய திசைகள் என்றும் வகுத்துக் காட்டினார்.

தென்திசைக்கு மாணவன் செய்ய வேண்டுவன ஐந்து. ஆசிரியர் வரக்கண்டு எழுதல், அருகிருந்து பணிதல், கற்பதில் ஆர்வம், வேண்டிய உதவி புரிதல், கற்பிப்பதைக் கருத்தோடு ஏற்றல் என்பன அவை. இவற்றை நம் பிள்ளைகளுக்கு எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அதே சூத்திரம் ஆசிரியருக்கும் ஐந்து கடமைகளை விதித்திருப்பதைப் பலர் சொல்வதில்லை. நன்கு பயிற்றுதல், கற்றது மனத்தில் பதியுமாறு கற்பித்தல், தாம் அறிந்த கலைகளை ஒளியாது வழங்குதல், நண்பர்களிடையே மாணவனைப் பற்றி நல்லது கூறுதல், எத்திசைக்கும் அவனுக்குப் பாதுகாப்புச் செய்தல் என்பன அவை.

ஈற்றில் நின்ற கடமையைக் கவனியுங்கள். பாதுகாப்புத் தருவது ஆசிரியர் கடன் என்றால், பிள்ளை பள்ளி வாயிலுக்குள் நுழைந்தது முதல் வெளிவரும் வரையில் அவன் உடலுக்கும் மானத்துக்கும் ஊறு நேராதவாறு காப்பது அவர் பொறுப்பு என்பது பெறப்படும். மாணவன் கடமையும் ஆசிரியர் கடமையும் ஒரே சூத்திரத்தில் ஐந்துக்கு ஐந்தாக நிறுத்தப்பட்டுள்ளன. ஒரு தட்டை மாத்திரம் காட்டித் தராசு என்று சொல்லுதல் கூடாது.

பந்தகரின் பாடம்

மகாபந்தகர், சுல்லபந்தகர் என இரு சகோதரர் சங்கத்தில் இருந்தனர். தமையனார் நுண்ணறிவாளர், தம்பியோ நான்கு மாதங்கள் முயன்றும் ஒரே பாடலை மனத்தில் இருத்த இயலாதவர். பொறுமையிழந்த தமையனார், "உனக்கு இங்கே இடமில்லை" என்று தம்பியை விகாரத்தினின்றும் போகச் சொல்லிவிட்டார். அந்நாட்களில் விருந்துக்குப் பிக்குகளை அனுப்பும் பொறுப்பும் அவரிடமே இருந்தது. மருத்துவர் ஜீவகர் சங்கத்தாரை உணவுக்கு அழைத்தபொழுது, தம்பியை நீக்கியே கணக்குக் கொடுத்தார். படிப்பு வராதவனுக்குச் சோறும் இல்லையென்றாயிற்று.

விடியற்காலையில் கண்ணீருடன் வெளியேறிய சுல்லபந்தகரைப் பகவன் வாயிலில் சந்தித்தார். "உன் தமையனுக்காகவா நீ சங்கத்தில் சேர்ந்தாய்?" என்று கேட்டு அழைத்துவந்து, தூய வெண்துணி ஒன்றைக் கையில் கொடுத்து, அழுக்கு நீங்குவதை எண்ணியவாறே அதனைத் தடவிக்கொண்டிருக்கச் சொன்னார். தடவத் தடவத் துணி அழுக்கேறியது. அழுக்கு துணியில் பிறந்ததன்று, பின்னர் வந்து பற்றியது என்று அவர் உணர்ந்தார்; அவ்வுணர்வே விடுதலைக்கு வழியாயிற்று. ஜீவகர் இல்லத்தில் பகவன் பாத்திரத்தைக் கையால் மூடி, விகாரத்தில் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று கூறி, அவரை அழைத்துவரச் செய்தார்.

இக்கதையோடு சேர்த்து வழங்கும் அற்புதங்களை ஒருபுறம் வைப்போம். நமக்கு வேண்டிய பாடம் மூன்று. பாடம் ஏறவில்லையெனில், பிள்ளையைக் கழிக்கு முன்னர்க் கற்பிக்கும் முறையை மாற்றிப் பார்த்தல் வேண்டும். கல்வியில் பின்தங்கியதைக் காரணமாக்கி உணவையும் உரிமையையும் பறித்தல் ஆகாது. கீழதிகாரி தவறு செய்தால், அதனைத் திருத்துவது மேலே இருப்பவர் கடமை. பகவனே எழுந்து வாயிலுக்கு வந்து நின்றார் என்றால், ஒரு கல்வி அதிகாரி தம் நாற்காலியினின்றும் எழுந்து வருதல் பெரிய காரியமா?

விலக்குவதற்கு வினயம் வகுத்த வரம்பு

நாம் "வாத்தியார்" என்று வழங்கும் சொல் "உபாத்தியாயர்" என்பதினின்றும் வந்தது. வினய பிடகத்தின் மகாவக்கத்தில் உபாத்தியாயருக்கும் அவர்தம் மாணவருக்கும் உரிய கடமைகள் விரித்துரைக்கப்பட்டுள்ளன. மாணவன் நோயுற்றால் உபாத்தியாயரே பல்துலக்கக் குச்சியும் முகம் கழுவ நீரும் தந்து, இருக்கை விரித்துப் பணிசெய்தல் வேண்டும். முறையாக ஒழுகும் மாணவனை வெளியேற்றலாகாது. வெளியேற்றினால் குற்றம் உபாத்தியாயரைச் சாரும். தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்டால் மன்னித்தல் வேண்டும்; மன்னியாதிருப்பதும் குற்றமே.

சுல்லவக்கமோ, ஒருவர்மீது தண்டனைச் செயல் நடத்தும்போது எவையெவை குறைந்தால் அச்செயல் செல்லாது என்று கூறுகின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னிலையில் அல்லாமல் செய்தது செல்லாது. அவரை வினவாமல் செய்தது செல்லாது. அவர் ஒப்புக்கொள்ளாமல் செய்தது செல்லாது. இன்றைய நீதிமன்றங்கள் இயற்கை நீதி என்று போற்றுவதன் சாரம் இங்கே கிடக்கின்றது.

நாம் பல ஆண்டுகள் மில்லில் நூற்புப் பிரிவில் உழைத்தவர். அக்காலத்தில் 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் நடப்பில் இருந்தது. ஒரு தொழிலாளியை நீக்க வேண்டுமெனில் முதலில் சார்ஜ் ஷீட் தருவார்கள், அவன் விளக்கம் எழுதுவான், விசாரணை நடக்கும், அதன் பின்னரே முடிவு. மீசை முளைத்த தொழிலாளிக்கு உள்ள இப்பாதுகாப்பு, பன்னிரண்டு வயதுப் பெண்குழந்தைக்கு இல்லையென்றால் அஃது எவ்வகை நியாயம்? மில்லில் இழை அறுந்துவிட்டால் கதிரைக் கழற்றி எறிவதில்லை. அறுந்த முனையைத் தேடியெடுத்து ஒட்டுவதே வேலை. பள்ளியிலும் அதுவே வேலை.

அண்ணல் கண்ட பள்ளி

மாணவனுக்கு நீர் தருவது உபாத்தியாயர் கடமை என்று மேலே கண்டோம். அத்தகைய தம்மம் பிறந்த நாட்டிலேதான், சாத்தாராவில் பயின்ற சிறுவர் பீமராவ் பள்ளிக் குழாயைத் தாமே தொடக்கூடாதவராய் இருந்தார். பள்ளிச் சேவகன் வந்து குழாயைத் திறந்தால் நீர்; அவன் இல்லையேல் தாகம். வகுப்பில் தனியே உட்காரக் கோணித்துணி ஒன்றை வீட்டினின்றும் கொண்டுவந்து, மாலையில் திரும்ப எடுத்துச் செல்லவேண்டும். பள்ளியைத் துப்புரவு செய்பவனும் அதனைத் தொடமாட்டான். பிற்காலத்தில் அண்ணல் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவியதன் வேர் அந்தக் கோணித்துணியில் இருக்கின்றது என்று நாம் கருதுகிறோம்.

எழுத்தில் விதி இருந்தும் நடப்பில் இல்லாமற் போவதற்கு இன்னொரு சான்று உண்டு. 1856இல் தார்வாடு அரசுப் பள்ளியில் சேர விரும்பிய மகர் குலச் சிறுவன் ஒருவனுக்குக் கதவு திறக்கவில்லை. மற்றச் சாதிப் பிள்ளைகள் விலகிவிடுவர் என்ற அச்சமே காரணம். சாதி ஒன்றையே காரணமாக்கி எவரையும் அரசுப் பள்ளியில் மறுத்தல் ஆகாது என்று கம்பெனியின் மேலிடம் கூறியிருந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் குழுவும் அதனையே மீண்டும் வலியுறுத்த வேண்டியதாயிற்று. கேட்பார் இல்லாத விதி ஏட்டிலேயே உறங்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நாட்டின் சட்டம்

இனி, இன்று நம் கையில் உள்ள சட்டங்களைக் காண்போம்.

அரசியல் சட்டத்தின் பதினேழாம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இருபத்தொன்பதாம் பிரிவு, அரசு நடத்தும் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணங்காட்டிச் சேர்க்கை மறுத்தலைத் தடுக்கின்றது. இருபத்தெட்டாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு நம் பொருளுக்கு நேரானது. அரசு அங்கீகாரமோ அரசு உதவியோ பெற்ற எக்கல்விச்சாலையிலும், சமயப் போதனையிலோ சமய வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. சிறுவர் எனில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் இசைவு வேண்டும்.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் பள்ளியிலோ விடுதியிலோ சேர்க்க மறுப்பதையும், சேர்த்த பின் வேற்றுமை காட்டுவதையும் குற்றமாக்கியுள்ளது.

2002இல் எண்பத்தாறாம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதன்வழி வந்த 2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் ஆறு முதல் பதினான்கு வயதுடைய குழந்தைகளுக்கு நடப்புக்கு வந்தது. அதன் பதினாறாம் பிரிவின்படி, தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும் வரையில் எக்குழந்தையையும் பள்ளியினின்றும் நீக்குதல் கூடாது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தித் தேறாதவரை நிறுத்திவைக்க 2019இல் திருத்தம் இடங்கொடுத்தது. ஆயினும் வெளியேற்றும் தடை அப்படியே நிற்கின்றது. பதினேழாம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் துன்புறுத்தலையும் தடுக்கின்றது. ஐந்தாம் பிரிவின்படி, வேறு பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்குத் தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தருதல் வேண்டும். அது தாமதமாயிற்று என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது. தாமதித்த தலைமை ஆசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவர்.

இந்த ஐந்தாம் பிரிவைப் படிக்கும்பொழுதெல்லாம் நம் கண் கலங்கும். நாம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தந்தையார் வேலைசெய்த மில் கதவடைப்பாயிற்று. மூன்று மாதக் கட்டணம் பாக்கி நின்றது. பாக்கி தீரும் வரை சான்றிதழ் தரமுடியாது என்றனர் ஒரு பள்ளியார்; சான்றிதழ் இன்றிச் சேர்க்கமுடியாது என்றனர் மற்றொரு பள்ளியார். இரு கதவுகளுக்கும் இடையில் நம் படிப்பு முடிந்தது. பின்னர்க் கற்றதெல்லாம் ஷிப்ட் முடிந்த இரவுகளில், சங்க நூலகத்தின் ஒற்றை விளக்கில் கற்றதே.

ஒரு எச்சரிக்கையும் கூறவேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அத்தகைய பள்ளிகளில் அரசியல் சட்டத்தின் இருபத்தெட்டாம் பிரிவையே முதலில் எடுத்துக்காட்டுதல் நன்று.

கேரளத்துக் குழந்தைகள் மூவர்

1985 ஜூலையில் கேரளத்தில், கிறிஸ்தவ சமயத்தின் ஒரு சிறு பிரிவைச் சேர்ந்த குழந்தைகள் மூவர் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். தேசிய கீதம் பாடும்போது அவர்கள் மரியாதையுடன் எழுந்து நின்றனர். ஆனால் தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. கல்வி ஆய்வாளர் ஒருவரின் கட்டளைப்படி தலைமை ஆசிரியை அவர்களை நீக்கினார். உயர் நீதிமன்றம் குழந்தைகளுக்கு உதவவில்லை. உச்ச நீதிமன்றமோ 1986 ஆகஸ்ட் 11 அன்று, அவர்களை நீக்கியது பேச்சுரிமைக்கும் மனச்சான்றின் உரிமைக்கும் மாறானது என்று தீர்ப்பளித்து, மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். இலாகாவின் சுற்றறிக்கை போதாது என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

நாம் தேசிய கீதம் பாடுகிறவர்கள். அதில் நமக்குத் தடையில்லை. ஆயினும் அத்தீர்ப்பு நமக்கும் அரணாகும். அமைதியாகவும் மரியாதையாகவும் நிற்கும் குழந்தையை, அதன் மனச்சான்றுக்காகத் தண்டித்தல் ஆகாது. "மேலிடத்து உத்தரவு" என்பது நீக்கியவரைக் காக்கும் கவசமும் ஆகாது.

பதிவேட்டில் பௌத்தர்

நம் குடும்பங்களுள் சிலர், பள்ளிப் பதிவேட்டில் பௌத்தர் என்று எழுதினால் உதவித்தொகை போய்விடும் என்று அஞ்சி, பழைய மதத்தையே எழுதிவைக்கின்றனர். சில எழுத்தர்களும் அவ்வாறே அச்சுறுத்துகின்றனர். 1990க்கு முன்னர் அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1990இல் செய்த திருத்தத்தால், அட்டவணைச் சாதியினர் பௌத்தராயினும் அட்டவணைச் சாதி உரிமைகளை இழப்பதில்லை. மாநிலந்தோறும் அட்டவணை வேறுபடும். ஆதலின் பிழைப்பு நாடி வேறு மாநிலம் வந்த தமிழ்க் குடும்பங்கள், தம் சான்றிதழை எந்த மாநிலத்தில் பெறவேண்டும் என்பதை முன்னரே கேட்டுத் தெளிதல் வேண்டும். வீட்டில் பஞ்சசீலமும் பதிவேட்டில் வேறொன்றுமாக வாழும் பிள்ளை, உண்மை பேசும் சீலத்தை எவ்வாறு கற்கும்?

நாம் செய்யத்தக்கவை

ஒன்று: பிள்ளை துன்பம் சொல்லும்போது, "நீ என்ன செய்தாய்?" என்று அதட்டாமல் முழுதும் கேளுங்கள். நாள், நேரம், யார் என்ன கூறினர் என்பவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

இரண்டு: தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். படி ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் பெறுங்கள். வாய்ச்சொல் காற்றில் போகும்.

மூன்று: பள்ளி மேலாண்மைக் குழுவை அணுகுங்கள். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராய் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். நம்மவர் அதில் உறுப்பினராக முன்வருதல் இன்னும் நன்று.

நான்கு: பள்ளியில் தீராவிடில் உள்ளாட்சி அதிகாரிக்கு எழுதுங்கள். மூன்று மாதங்களுக்குள் அவர் முடிவு கூறவேண்டும். அதன்மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் முறையிடலாம்.

ஐந்து: வழக்கு நடக்கும்போதும் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். கோபத்தில் நாமே பிள்ளையை நிறுத்திவிட்டால், எதிரி செய்ய விரும்பியதை நாமே செய்து முடித்தவராவோம்.

ஆறு: பிள்ளைகளுக்கும் கடமை கூறுங்கள். பிறர் துதிக்கும்போது நகைக்கக்கூடாது. ஆசிரியருக்கு எழுந்து நிற்பதில் நம் பிள்ளை முதல்வனாக இருத்தல் வேண்டும். ஒழுக்கமே நம் விண்ணப்பத்துக்கு முதல் சான்று.

முடிவுரை

மேலே கூறிய தாயுடன் நாமும் சங்கத்தார் இருவரும் பள்ளிக்குச் சென்றோம். உரத்த சொல் ஒன்றும் பேசவில்லை. இருபத்தெட்டாம் பிரிவையும் பதினாறாம் பிரிவையும் குறித்த விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தோம். தலைமை ஆசிரியர் இருமுறை படித்தார். பின்னர்ப் பெண்ணை அழைத்து, "என்னம்மா நடந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவளிடம் முதன்முறையாக ஒருவர் கேட்டது அன்றுதான். அவள் மறுநாளே வகுப்புக்குத் திரும்பினாள். ஆசிரியையின் முகம் இன்னும் முற்றும் மலரவில்லை என்கிறாள். அதற்கு மைத்திரி வேண்டும், காலமும் வேண்டும்.

வீடு திரும்பும் வழியில் நமக்கே ஒரு நினைவு வந்து குத்தியது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் ஞாயிற்றுக்கிழமைத் தம்ம வகுப்பில், பஞ்சசீலத்தைப் பலமுறை சொல்லிக்கொடுத்தும் ஒப்பிக்க முடியாத சிறுவன் ஒருவனை, "கற்றுக்கொண்டபின் வா" என்று எல்லார் முன்னிலையிலும் அனுப்பிவிட்டோம். அவன் மீண்டும் வரவில்லை. நாமும் தேடிச் செல்லவில்லை. பிறரிடம் நீதி கேட்கச் சென்ற நாம், அன்று மகாபந்தகராய் இருந்தோம். இவ்வாரம் அவன் வீட்டைத் தேடிச் சென்று பார்த்தோம். அவன் இப்போது வாலிபன், பட்டறையில் வேலை செய்கிறான். மன்னிப்புக் கேட்டோம். சிரித்துவிட்டு, "டீ குடியுங்கள் ஐயா" என்றான். அடுத்த பௌர்ணமிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அதிகாரம் சிறிதாயினும் பெரிதாயினும், ஒரு குழந்தையின் முன் நிற்கும் ஒவ்வொருவரும் பள்ளி அதிகாரியே. அவரவர் வாயிலில் எந்தச் சுல்லபந்தகன் நிற்கிறான் என்று பார்ப்போமாக.

படிப்பு வட்டத்தார் கலந்து பேசுதற்குரிய வினாக்கள்:

1. ஆசிரியருக்குரிய ஐந்து கடமைகளுள் உங்கள் பிள்ளையின் பள்ளியில் குறைவது எது?

2. வினயம் கூறும் மூன்று குறைகளுள் எவை அப்பெண்ணை நீக்கிய செயலில் இருந்தன?

3. உங்கள் பிள்ளையின் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நேரில் பார்த்தீர்களா?

எல்லா உயிர்களும் நலமுறுக. நமோ புத்தாய.